மேல்வீட்டுக் கரிசனம்

"இன்னும் சரியா ஏழு மணி நேரம். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் புயல் கரையைக் கடக்குதாம்" என்றான் கணவன், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே. "இப்பவாவது மேல போய்க் கேளு."

டெய்லரக்கா பாலித்தீன் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். உள்ளே தைத்து முடித்த எண்பது பள்ளிச் சீருடைகள். சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் நேற்றே அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தாயிற்று. குடங்களில் குடிதண்ணீர் பிடித்தாயிற்று. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. பாக்கி இரண்டு தையல் மெஷின்கள்தான்.

போன வெள்ளத்தில் முட்டியளவுத் தண்ணீரில் மோட்டார்கள் ஊறிப் போய், நான்கு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் தொழிலே போய்விடும். மாடிக்கு ஏற்றியே ஆகவேண்டும்.

மாடியில் குடியிருப்பவர் பஸ் கண்டக்டர். கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்ற தகராறில், இரண்டு வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சே கிடையாது.

மூன்று நாள் முன்பு புயல் செய்தி வந்ததுமே டெய்லரக்கா ஐஸ் வைக்கத் தொடங்கிவிட்டாள். தொட்டியைத் தானே தேய்த்துக் கழுவினாள். கண்டக்டரின் மகளுக்கு மிச்சத் துணியில் சுருக்கம் வைத்து ஒரு கவுன் தைத்து அனுப்பினாள்.

அதிசயம், மேலிருந்தும் கரிசனம் கொட்டியது. கண்டக்டரின் மனைவி இறங்கி வந்து முட்டிவலி வரை விசாரித்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்து, தாராளமாக ஐந்து பேர் படுக்கலாம் போலிருக்கிறதே என்று மெச்சினாள். கண்டக்டர் தாமே மண்வெட்டி எடுத்து இவர்கள் வாசல் சாக்கடை அடைப்பைத் தள்ளிவிட்டார். போகிறபோக்கில் சுவரைத் தட்டி, நல்ல கெட்டிச் சுவர் என்றார்.

நேற்று மாலை முழுக்க மேலே சுத்தியல் சத்தம். நம்ம சாமான் வைக்கத்தான் பலகை அடிக்கிறார்கள் என்று கணவன் அடித்துச் சொன்னான்.

"வாயைத் திறந்து கேக்கத்தாங்க கூச்சமா இருக்கு" என்றாள். "மெஷினைத் தூக்கிட்டே போய் நின்னா, அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"நல்ல ஆளு நீ. கேக்க வாய் வராது, தூக்கிட்டுப் போகக் கை மட்டும் வருமாக்கும்."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு மெஷினின் தலைப்பாகத்தை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். மோட்டாருடன் அவன் பின்னால் வந்தான். தூறல் சாய்வாக அடித்தது. படிக்கட்டின் நடுத்திருப்பத்தில் மூச்சு வாங்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே கண்டக்டர் இறங்கிக்கொண்டிருந்தார், தலையில் சுருட்டிய மெத்தை. பின்னால் அவர் மனைவி, இரண்டு கையிலும் பைகள். கடைசியில் சுருக்கம் வைத்த கவுனில் மகள், தலையணையைக் கட்டிக்கொண்டு.

படி குறுகல். மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

"தண்ணி ஏறுச்சுன்னா மெஷின் போயிடும்" என்று டெய்லரக்காதான் ஆரம்பித்தாள். "அதான், உங்க வீட்டுல..."

கண்டக்டரின் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் மெத்தையை மெல்ல இறக்கிப் படியில் வைத்தார்.

"எங்க ஷீட் கூரையில பாதிக் கொக்கி துருப்பிடிச்சுக் கழண்டுடுச்சும்மா. நேத்து நான் அடிச்ச ஆணியும் நிக்கலை. காத்து அடங்கற வரைக்கும் உங்க வீட்டுல ஒதுங்கிக்கலாம்னுதான், கேக்க வாய் வராம, மூணு நாளா நாங்க உங்களையே சுத்திச்சுத்தி வந்துட்டிருக்கோம்."