கிழட்டு பேட்டரியும் குண்டு பல்பும்

தவமணியக்காவின் தையல் கடையில், மேசைக்கடியில் ஒரு கிழட்டு பேட்டரி இருந்தது. கரண்டு போனால் குண்டு பல்புக்கு அதுதான் சோறு போடும். ஆனால் அரைமணியில் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். நேற்றும் அப்படித்தான், கல்யாண ரவிக்கை பாதியில் நின்றுபோச்சு.

"இன்னொரு தரம் படுத்தா உன்னைக் காயலான் கடையில போட்டுருவேன்" என்று அக்கா சொன்னதிலிருந்து பேட்டரி, கரண்டு போகவே கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு அக்கா குண்டு பல்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, புதுசாக ஒரு எல்.இ.டி. பல்பை மாட்டினாள். சாயங்காலம் சொல்லிவைத்த மாதிரி கரண்டு போனது.

"தொட்டா சூடே இல்லை. இதெல்லாம் ஒரு விளக்கா?" என்று குண்டு பல்பு நக்கலடித்தது.

பேட்டரி பயந்துகொண்டே புதுசிடம் கேட்டது: "தம்பி, உனக்கு எவ்வளவு வேணும்?"

"குண்டண்ணன் ஒரு வேளைக்குத் தின்னதை நான் ஆறு வேளைக்கு வச்சுத் திம்பேன், பெரியவரே. அவர் தின்னதுல முக்காவாசி உடம்பு சுடறதுக்கே போச்சு."

அரைமணி போனது. ஒரு மணியும் போனது. பேட்டரிக்கு மூச்சே வாங்கவில்லை. கடைசிக் கொக்கியையும் தைத்து அக்கா நூலைக் கடித்தபோது, இருட்டிக் கிடந்த பக்கத்துச் சலூனிலிருந்து மாசிலாமணி எட்டிப் பார்த்தான்.

"புது பேட்டரியாக்கா?"

"பழசுதான்டா. நான்தான் அதை வீணாத் திட்டிட்டேன்."

பேட்டரி நிமிர்ந்து உட்கார்ந்து குண்டு பல்பிடம் சொன்னது: "இன்னும் நாலு ரவிக்கை இருந்தாலும் கொண்டுவரச் சொல்லு."