லீவே போடாத மனுஷன்

"ரெண்டு மாடி ஏறி வந்ததுக்கே இப்படி மூச்சு வாங்குதே, நீ எப்படிப்பா வருஷக் கணக்கை முடிப்ப?" என்று கேட்டு, அந்தப் பையனின் விண்ணப்பத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினார் கறார். மாவுக்கட்டுப் போட்ட அவருடைய கால் எதிரே இருந்த ஸ்டூலில் நீட்டிக்கொண்டிருந்தது. அவரையே கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்துதான் மேலே வைத்திருந்தார்கள்.

கறார் என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். குழாயும் வாஷ்பேசினும் மொத்தமாக விற்கும் அந்தக் கடைக்கு அவர்தான் தலைமைக் கணக்கர். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது. மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டாக்சி பிடித்து ஆபீஸுக்கு வந்துவிட்டார். மகள் கல்யாணத்தன்று சாயங்காலமே சீட்டில் வந்து உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

பக்கத்தில் சின்ன முதலாளி உட்கார்ந்திருந்தான். அப்பா இறந்த பிறகு கடைக்கு வந்த பிள்ளை. கணக்கில் அவனுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்பது கறாரின் எண்ணம்.

"அங்கிளுக்கு ஒத்தாசையா ஒரு ஆள் போடலாம்" என்று நாலு நாள் முன்பு அவன் ஆரம்பித்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அவன் விடவில்லை. சரி, ஆளையாவது நாமே பொறுக்குவோம் என்று இன்டர்வியூவுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவன் வந்தான். வேலை கிடைக்காவிட்டாலும் ஆளுக்கொரு புத்திமதி அங்கே இலவசம்.

"பொழுதுபோக்கு, பாட்டுக் கேக்கறதுன்னு போட்டிருக்கியே, இங்க என்ன கச்சேரியா நடக்குது? அக்கவுன்ட்ஸ் படிச்சவனுக்குப் பொழுதே போகக் கூடாது. அடுத்த இடத்துக்குப் போறப்பவாவது அந்த வரியை அடிச்சுட்டுப் போ."

மூன்றாமவன் கேட்டதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னான். சின்ன முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுந்து போகும்போது அந்தப் பையன் ஒரு சந்தேகம் கேட்டான்.

"நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் மாசாமாசம் யாரு சார் ஒத்துப் பாக்கறாங்க?"

"நான்தான்."

"நீங்க எழுதினதை நீங்களேவா சார்?"

கறாரின் முகம் கடுகடுத்தது. "தம்பி, ஒரு அட்வைஸ் சொல்றேன், கேட்டுக்கோ. இன்டர்வியூல வாயைத் திறக்கறது பதில் சொல்ல மட்டும்தான். கேள்வி கேக்கறவனுக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான். நீ கிளம்பு."

பையன் போனதும், "பட்டம் வாங்கினதும் இதுங்களுக்கெல்லாம் வாய் முளைச்சிடுது" என்று சின்ன முதலாளியிடம் அலுத்துக்கொண்டார். அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. கறாரின் கண் நேராக அங்கேதான் போனது.

"காலுக்கு ஒரு நல்ல செருப்பில்ல, நீ எங்க கணக்கைப் பாத்துக்கப் போறியா?"

"பஸ்ல அறுந்துடுச்சு சார்" என்றாள்.

கறாருக்கு அவளைப் பிடித்துப்போனது. எது சொன்னாலும் "சரி சார்" என்றாள். இவளை ஃபைல் எடுக்கவும் ஸ்டேப்ளர் அடிக்கவும் வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் தொல்லை இருக்காது என்று கணக்குப் போட்டார்.

"என்னைப் பாரும்மா. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. என் சீட்டையும் கணக்கு பீரோ சாவியையும் இன்னொருத்தர் தொட்டதில்ல. கால் ஒடிஞ்சும் வந்து உக்காந்திருக்கேன். உங்க காலேஜ்ல லீவைப் பத்தியெல்லாம் எங்க சொல்லிக் குடுக்கப் போறாங்க?"

"சொல்லிக் குடுத்தாங்க சார்."

அதை அவர் காதில் வாங்கவே இல்லை. சின்ன முதலாளியின் பக்கம் சாய்ந்து, "இது போதும். வாயில்லாப் பூச்சி" என்றார்.

"நானும் ஒண்ணு கேட்டுக்கறேன் அங்கிள்" என்றான் அவன். காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கடையில வியாபாரத்துக்குக் குறைச்சல் இல்லம்மா. கணக்கும் பைசா சுத்தமா இருக்கு. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இப்படியே போனா இந்த வருஷத்தோட அப்பா கடையை நான் மூட வேண்டியதுதான். நீங்க வந்தா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

கறாருக்குச் சிரிப்பு வந்தது. இதைப் போய் இந்த ஊக்குச் செருப்பிடமா கேட்பது!

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். மொதல்ல இவரை ஒரு மாசம் லீவுல அனுப்புவேன்."

"அடேங்கப்பா, என் கால் மேல இவ்வளவு கரிசனமா!" கறார் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"காலுக்காக இல்ல சார். கால் ஒடிஞ்சும் ஒருத்தரால சீட்டை விட்டுட்டு இருக்க முடியலைன்னா, அந்த சீட்ல வேற ஆளை உக்கார வெச்சுப் பாக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"என் சீட்ல ஒருத்தரும் உக்காரக் கூடாது!"

கத்திக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார் கறார். மாவுக்கட்டுக் கால் தரையில் ஊன்றியிருந்தது. அந்த வலிகூட அவருக்கு உறைக்கவில்லை.

சின்ன முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சின்ன வயதிலிருந்து பேசுகிற அதே மரியாதையோடு சொன்னான்.

"அங்கிள், சாவியை வெச்சுட்டுப் போங்க."