சம்மதம்

வழக்கறிஞர் தேர்வு நெருங்கிவிட்டது. சிகாகோ நூலகத்தில் ராய்ஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெர்னிஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. கூடப் படிப்பவர்களில் மூத்தவர் ராய்ஸ். குற்றவியல் நடைமுறையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு சின்னக் கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

"வாரன்ட் இல்லாம ஒரு வீட்டுக்குப் போலீஸ் வருது. உள்ள வந்து பாக்கலாமான்னு கேக்குது. வீட்டுக்காரம்மா வாங்கன்னுட்டாங்க. அவங்க பையன் லைசென்ஸ் இல்லாம வச்சிருந்த துப்பாக்கி கிடைக்குது. சோதனை செல்லுமா?"

"செல்லும். அந்தம்மாவே சம்மதிச்சுட்டாங்களே!"

"முடியாதுன்னு சொல்லலாம்னே அவங்களுக்குத் தெரியாதே?"

"அதைப் போலீஸ் சொல்லணும்னு சட்டம் இல்லையே. நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா... அது எப்படி சம்மதம் ஆகும்?"

அவர் குரல் உடைந்தது. பெர்னிஸுக்குச் சட்டென்று உறைத்தது.

"ராய்ஸ், அது உங்க அம்மாவா? புடிச்சுட்டுப் போனது உங்களையா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"'குளிருதே, உள்ள வாப்பா, காபி தரவா'ன்னு கேட்டாங்க அந்தம்மா. பையன் இன்னும் ஜெயில்லதான் இருக்கான். அப்போ நான் போலீஸ், பெர்னிஸ். கதவைத் தட்டினது நான்தான்."