பத்துக்கு இரண்டு

அவள் புருஷன் மூன்று புட்டிகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினார். மூன்றும் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே.

அறிவியல் வாத்தியார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் திருத்துகிற கை அடங்கவில்லை.

மூக்கு அவளுடையது. மார்க் அவர் போடுவார்.

மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, அடித்த இரண்டாம் நிமிடம் மூக்கைத் திறந்தது. பத்துக்கு ஒன்பது. ஐந்தே நாளில் முன்னைவிட இறுக்கி அடைத்துக்கொண்டது. அதற்காக ஒரு மார்க்கூடக் குறைக்கவில்லை.

உப்புத்தண்ணீர்ப் புட்டிக்கு நாலு.

டாக்டர் எழுதியதற்கு இரண்டு.

"மூணு நாளாட்டு ஒரு அசைவும் இல்ல. ஒண்ணுக்கும் கொள்ளாது" என்று குப்பைக்கூடையில் போட்டார்.

இரண்டு வாரமாவது தினமும் அடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை வேறு ஆட்டினார்.

இந்த மனுஷனுக்கு ஒரு தும்மல் வந்து அவள் பார்த்ததில்லை. தூசி ஒவ்வாமைக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தால் அதைவிட மோசம். அவியல் வைத்தாலும் ஊறுகாய். துவரன் வைத்தாலும் ஊறுகாய். முன்பு இப்படி இல்லை. கொஞ்ச மாதமாக நாக்கும் செத்துப்போயிற்று போல.

ரசனை கெட்ட ஜென்மம்.

அவர் அந்தப் பக்கம் போனதும் புட்டியை எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். தினமும் காலையில், அவர் பேப்பர் படிக்கும் நேரத்தில், அடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள். தாளிக்கத் தேங்காயெண்ணெய் டின்னைத் திறந்தாள்.

குப்பென்று ஏறியது.

கெட்டுப்போன எண்ணெயின் காறல் வாடை.

மூக்கைத் திருப்பிக்கொண்டாள். நம்பாமல் மறுபடி முகர்ந்தாள்.

மாசியில் தங்கச்சி வீட்டிலிருந்து வந்த பெரிய டின். இப்போது ஆவணி. முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

தீர்ந்த அவ்வளவும் அவர் வயிற்றில்.

ஊறுகாயோடு.

மீதியைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். புது எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டினாள்.

மதியம், கேட்பதற்கு முன்பே ஊறுகாய்ப் புட்டியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவியலைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். புட்டிப் பக்கம் போன கை பாதியில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தார்.

"மூக்கு எப்பம் தொறந்துது?"

"எங்க தொறந்துது" என்றாள். "அடைச்சுல்லா கெடக்கு."

கண் கலங்கியதில், அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்தது.