நீல வயர்

அந்த ஃபோல்டர் இல்லை.

அவள் மறுபடி தேடினாள். ‘பறவைகள்’ இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மூன்று பனிக்காலம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சேற்றில் நின்று எடுத்த படங்கள், குறிப்புகள். அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய ஆய்வேடும் அதற்குள்தான்.

சோபாவில் சாய்ந்திருந்த கணவன் தலை நிமிரவில்லை.

“அதுவா? நான்தான் அழிச்சேன். என் லேப்டாப்புல இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. உன்னோடதுல இருக்குமே?”

இல்லை.

வீட்டிலிருக்கும் மூன்று கணினிகளையும் இணைத்து வைத்தவனே அவன்தான். ஒன்றில் போட்டால் மூன்றிலும் வந்துவிடும் என்று வந்த விருந்தாளிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன். வருவது மூன்றுக்கும் வரும் என்று தெரிந்த மேதாவிக்கு, போவதும் மூன்றிலிருந்தும் போகும் என்று தெரியவில்லை.

கணினியின் குப்பைத் தொட்டி வரை காலி செய்திருந்தான். சுத்தம் சோறு போடுமாம். தின்ற தட்டை ஒருநாள் கழுவியறியாதவன்.



“வெறும் கொக்குப் படந்தானே பூங்கோதை. மறுபடி போய் எடுத்துக்கலாம்.”

கொக்காம்.

ஒரு வார்த்தை கேட்டானா? அழிக்கட்டுமா என்று ஒரே ஒரு வார்த்தை?

கூடத்து மூலையில் மூன்றாவது கணினி. பழசு. மழைக்கு அதன்மேல் துணி காயப்போட்டு, ஒரு வாரமாக அதை யாரும் போடவில்லை.

“அட, இதுல இருக்கும்” என்று எழுந்தவன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

“தொடாதீங்க!”

அப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இப்படியே போட்டால், மற்ற இரண்டையும் பார்த்து இதுவும் அழித்துவிடும். அவள் குனிந்து, பின்னால் சொருகியிருந்த நீல நிற நெட் வயரை முதலில் பிடுங்கினாள். அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போட்டாள்.

முக்கி முனகி எழுந்தது.

இருந்தது.

முதல் படத்தில் ஒரு பூநாரை, ஒற்றைக் காலில். அவள் அழுதாள். அழுதும் ஆத்திரம் அடங்கவில்லை.

“அப்பாடா, இருக்குல்ல? இதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிற! வயரச் சொருகு, மூணுலயும் வந்துரும்.”

இன்னும் அவனுக்குப் புரியவில்லை.

அவள் வயரைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். கணினியை அணைத்தாள். அதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சின்ன அறையில் வைத்தாள். திரும்பி வந்து கணினித் திரையைத் தூக்கினாள். அவன் காலை மடக்கி வழி விட்டான். கூடம் விசாலமானதில் அவனுக்குத் திருப்திகூட.

மூன்றாவது முறை வந்தவள், படுக்கையறைக்குள் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டாள்.