வராத ரப்பர்

குளிர்கிடங்குச் சுவருக்குள் பஞ்சை ஊதி அடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவள் செங்கமலம். அதன் வயிற்றில் சுழலும் தகடுகளின் விளிம்பில் ரப்பர் பட்டைகள் இருக்கும். அவை தேய்ந்துவிட்டால் காற்று குழாய் வழியே போகாமல் மேலேறி, பஞ்சைக் கொட்டுகிற அவள் மூஞ்சியிலேயே அடிக்கும். ஒரு பக்கம் தேய்ந்தபோது அவளே போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டைகளைத் திருப்பிப் போட்டாள். இப்போது மறுபக்கமும் போய்விட்டது. மூன்று வாரமாக அவள் துப்புகிற எச்சிலெல்லாம் பஞ்சு.

இன்றும் கேட்கப் போனாள்.

"புதுப் பட்டை இன்னும் வரலம்மா. மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு ஓட்டு," என்றார் மேனேஜர் ஞானசேகர். "மொதல்ல கதவச் சாத்து, ஏசி ரூமுக்குள்ள தூசி வருது."

சாத்தினாள். எப்போதும் உரசாத கதவு இன்று தரையில் உரசியது. குனிந்து பார்த்தாள். கதவின் அடியில் நெடுகக் கன்னங்கரேலென்று புது ரப்பர் பட்டைகள். சாணுக்கு ஒன்றாக போல்ட் ஓட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அந்த ஓட்டைகளை அவளுக்குத் தெரியும்.

இடுப்பிலிருந்து ஸ்குரூடிரைவரை உருவிக்கொண்டு அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், என்ன பண்ற? கைய எடு!"

கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகப் பல்லில் கடித்துக்கொண்டாள். கடைசித் திருகும் வந்ததும் பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கதவை அகலத் திறந்தாள்.

"தூசி உள்ள வந்தா நான் என்ன பண்றது?" என்று கத்தினார் மேனேஜர்.

திருகுகளை அவர் மேசைமேல் துப்பினாள். எச்சிலோடு பஞ்சும் விழுந்தது.

"துணியக் கட்டிக்குங்க சார்."