வெளியே உறுமணும்

"வெளியே உறுமணும். உள்ளே உக்காந்தா பேச்சு தெளிவா கேக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்," என்றார் மனோகரன்.

சென்னை பாடியில் சைலன்சர் கடை வைத்திருக்கும் துலுக்கானம் அவரை மேலும் கீழும் பார்த்தார். அறுபதை நெருங்கும் வயசு, நெற்றி நிறைய விபூதி, பின்னால் பளபளவென்று ஒரு கறுப்பு எஸ்யூவி.

"இன்னா சார், காலேஜ் பசங்க கேக்குற ஐட்டத்தை நீ கேக்குறே?"

"முடியுமா, முடியாதா?"

"மத்தவன் செஞ்சா வெளிய உறுமும், உள்ள கும்முனு மண்டைய இடிக்கும். நான் செஞ்சா இடிக்காது. ஆனா போலீஸ் மடக்காத அளவுக்குத்தான் வெப்பேன். அதுக்கு மேல ஏத்தச் சொல்லாதே."

"சத்தம் பெருசா வேணாம். கனமா வேணும். கீச்சுன்னு இருக்கக் கூடாது, அடித்தொண்டையிலேர்ந்து வரணும்."

பக்கத்தில் நின்ற மருமகன் அபிஷேக்குக்கு மானம் கப்பலேறியது. அம்பத்தூர் ஐ.டி. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். "எங்கப்பாவை எப்படியாவது தடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி நிவேதிதா.

காரணம் இருந்தது. கொரட்டூரில் மாமனார் குடியிருக்கும் தெருவில் அவருக்குப் பெயரே 'ஹார்ன்' மனோகரன். சாயங்காலமானால் வண்டியைத் தன் வீட்டு கேட் முன்னால் நிறுத்தி, விடாமல் ஹார்ன் அடிப்பார். மகாராஜா இறங்கி வந்து கேட்டைத் திறக்க மாட்டார். தெருவே காதைப் பொத்திக்கொண்ட பிறகு, மாமியார் கோமளா ஈரக் கையோடு ஓடி வந்து திறப்பார்.

எதிர்வீட்டு உலகநாதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேற்று வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவை ஹார்ன் சத்தம் கேட்டுச்சு, நேரா ஸ்டேஷன்தான்."

அதற்கு மறுநாளே சைலன்சர் கடை. வீம்பு இல்லாமல் வேறென்ன?

"மாமா, நீங்களே இறங்கி கேட்டைத் திறந்துட்டா சண்டையே இல்லையே," என்றான் அபிஷேக்.

"அது உங்க அத்தை வேலை மாப்பிள்ளை. கல்யாணமானதுலேர்ந்து அவதான் திறக்கறா. நான் மொபெட்ல வந்த காலத்துலயும் அவதான்."

பெருமையாக வேறு சொல்கிறார். அபிஷேக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சைலன்சரை மாட்டியதும் மனோகரன் சாவியை அவனிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

வண்டி மேம்பாலத்தில் ஏறியது. "இப்ப ஏதாவது மெதுவா பேசுங்க," என்றார்.

"என்ன பேசறது?"

"காலையிலேர்ந்து என்னைத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்து நிக்குதில்ல? அதையே பேசுங்க."

கேட்டதுதான் தாமதம், அபிஷேக் கொட்டிவிட்டான். "தெருவே சிரிக்குது மாமா. அத்தையை ஒரு மனுஷியாவே நீங்க மதிக்கறதில்ல."

மனோகரன் முகத்தைச் சுளித்தார். "பாதிதான் காதுல விழுது. உள்ளே கும்முன்னு இருக்கு. வண்டியைத் திருப்புங்க."

துலுக்கானம் குழாயை அறுத்து, நடுவில் இன்னொரு டப்பாவை வைத்து வெல்டு அடித்தார். மறுபடி மேம்பாலம். மறுபடி திட்டு.

"அத்தையை ஒரு மனுஷியாவே நீங்க மதிக்கறதில்ல."

"ஆங், இப்ப முழுசா கேட்டுச்சு," என்றார் மனோகரன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்பார்களே, அது இதுதான் என்று அபிஷேக் நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு மனோகரனே ஓட்டி வந்தார். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது, எதிர்வீட்டு வாசலில் உலகநாதன் கையில் போனோடு தயாராக நின்றிருந்தார். அபிஷேக் சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். இருக்கிற சண்டை போதாதென்று இந்தச் சத்தம் வேறு.

அங்கேயே மனோகரன் ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு தடவை அழுத்தினார். 'கும்ம்ம்' என்று தரையோடு தரையாக ஓர் உறுமல். அவ்வளவுதான். ஹார்ன் பக்கம் கையே போகவில்லை.

வண்டி வீட்டை நெருங்குவதற்குள் கேட் திறந்துவிட்டது. இரண்டு கதவையும் அகலத் தள்ளிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார் கோமளா. உலகநாதன் சற்று நேரம் காத்திருந்தார். ஹார்ன் வரவில்லை என்றதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோமளா ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. கொஞ்ச நாளாவே குக்கர் விசில் அடிச்சாலும் இவர் ஹார்ன் அடிச்சாலும், அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குக் கேக்கறதில்ல. வண்டியில போறப்ப இவர் பேசறதும் பாதிதான் விழும். காது போயிடுச்சோன்னு பயந்து செத்தேன், நிவேதிதாகிட்டகூடச் சொல்லல. ஆனா இன்னிக்குப் பாருங்க, ஹார்னே அடிக்கல. தெருமுனையில திரும்பறப்பவே வண்டி உறுமறது எனக்குக் கேட்டுடுச்சு!"

அபிஷேக் மாமனாரைப் பார்த்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் காதுக்கு என்னடி குறைச்சல்?" என்றார் மனோகரன். "கோளாறெல்லாம் வண்டியிலதான் இருந்துச்சு. இன்னிக்குச் சரி பண்ணியாச்சு."